மரத்துப்போன பாதத்தைக் காப்பது எப்படி? சர்க்கரை நோயாளிகளுக்கும் வீட்டாருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

அம்மா கூடத்தைத் துடைக்கும்போதுதான் பார்த்தார். தரையில் காசளவுக்குச் சிவப்புப் பொட்டுகள், வாசலில் தொடங்கி அப்பாவின் சாய்வு நாற்காலி வரை வரிசையாகப் போயிருந்தன. அப்பாவின் செருப்பைத் திருப்பிப் பார்த்தால் அடியில் ஓர் ஆணி. ரப்பரைத் துளைத்து, வலது பாதத்தில் இரண்டாம் விரலுக்குக் கீழே இறங்கியிருந்தது. முந்தின நாள் மாலை ரேஷன் கடைக்கு அவர் நடந்து போய் வந்தது அந்தச் செருப்பில்தான். "ஒன்றும் தெரியவில்லையே" என்றார். உண்மையைத்தான் சொன்னார். பதினாறு ஆண்டுச் சர்க்கரை நோய் அவருடைய பாதத்திலிருந்து வலியை எப்போதோ எடுத்துக்கொண்டு போயிருந்தது. வீட்டில் யாருக்கும் அது தெரியாது. வலிக்காத புண்தானே என்று மஞ்சள் வைத்துக் கட்டி நான்கு நாள் பொறுத்தோம். ஐந்தாம் நாள் குளிர்காய்ச்சல். ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

நான் மருத்துவன் அல்ல. அன்றிலிருந்து பதினொரு ஆண்டுகளாக ஒரு ஜோடிப் பாதங்களை நாள்தோறும் கவனித்து வரும் மகன். மருத்துவர்களிடமும் செவிலியர்களிடமும் கேட்டும், படித்தும், தவறு செய்தும் கற்றுக்கொண்டதை முறையாக எழுதுகிறேன். அந்த நான்கு நாட்கள் இன்னொரு வீட்டில் வீணாகக் கூடாது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் வெளியானபோது, நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகச் சொன்னது. சர்க்கரை நோயாளிகளில் மூன்றில் ஒருவருக்கு வரை வாழ்நாளில் ஒருமுறையேனும் பாதத்தில் புண் வரலாம் என்பது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட கணக்கு. அவற்றில் பெரும்பாலானவை ஒரு கொப்புளம், ஒரு வெடிப்பு, ஒரு கல் என்று அற்பமாகத் தொடங்கியவை.

வலி ஏன் போகிறது?

ரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் மிகுந்தே இருந்தால் நரம்புகள் சேதமடைகின்றன. உடலிலேயே நீளமான நரம்புகள் பாதத்துக்குப் போகிறவை. அதனால் முதல் அடி அங்கேதான் விழுகிறது. விரல் நுனியில் தொடங்கி மெல்ல மேலே ஏறும். உணர்ச்சி நரம்பு கெட்டால் வலியும் சூடும் தெரியாது. வியர்வையை இயக்கும் நரம்பு கெட்டால் தோல் வறண்டு வெடிக்கும். தசையை இயக்கும் நரம்பு கெட்டால் விரல்கள் கொக்கி போல் மடங்கி, உடலின் எடை முழுவதும் முன்பாதத்தின் ஓரிரு புள்ளிகளில் இறங்கும். பாதத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களும் இதே காலத்தில் அடைபடலாம். அடைபட்டால் புண் ஆறத் தேவையான ரத்தம் போய்ச் சேராது. பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் இந்த அடைப்பு இன்னும் வேகமாக வரும்.

வலி இல்லாத பாதம் எப்படி அழிகிறது என்பதை உலகுக்குப் புரியவைத்த வேலையில் பெரும்பகுதி தமிழ்நாட்டில் நடந்தது. கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து தொழுநோயாளிகளின் கைகால்களை ஆராய்ந்தார். விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, உணர்ச்சி இல்லாததால் திரும்பத் திரும்பக் காயம்பட்டுத் தேய்கின்றன என்று அவர் கண்டார். இரவில் எலி கடித்தும் தெரியாமல் விரலை இழந்தவர்கள் அங்கே இருந்தார்கள். பின்னாளில் அமெரிக்காவுக்குப் போனபோது, தொழுநோயாளிகளிடம் கற்ற அதே பாடத்தைச் சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்கும் பொருத்திக் காட்டினார். இன்று மருந்துக் கடைகளில் நாம் கேட்டு வாங்கும், மென்மையான ரப்பர் தட்டு வைத்த எம்.சி.ஆர். செருப்பும் தொழுநோயாளிகளுக்காக உருவான செருப்புதான்.

வலி செய்துவந்த காவல் வேலையை இனிக் கண்ணும் கையும் செய்ய வேண்டும். நோயாளியின் கண் மங்கியிருந்தால் வீட்டிலுள்ள இன்னொருவரின் கண் செய்ய வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒரு வேலையின் கிளைகள்.

படி 1: உணர்ச்சி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்

"எனக்குக் காலில் நன்றாகத்தான் உணர்ச்சி இருக்கிறது" என்று எல்லோரும் சொல்வார்கள். அப்பாவும் சொன்னார். உணர்ச்சி போவதை உணர முடியாது என்பதே இதிலுள்ள சிக்கல். கால் எரிகிறது, ஊசி குத்துகிறது, எறும்பு ஊர்வது போலிருக்கிறது என்று சொல்பவர்கள் தங்களுக்கு உணர்ச்சி கூடிவிட்டதாகவே நினைக்கிறார்கள். எரிச்சலும் மரப்பும் ஒரே பாதத்தில் சேர்ந்து இருக்கலாம். பஞ்சின் மேல் நடப்பது போலிருக்கிறது என்றோ, செருப்பு கழன்று விழுந்தது தெரியவில்லை என்றோ யாராவது சொன்னால் அதை அசதி என்று தள்ளாதீர்கள்.

வீட்டில் கருவி எதுவும் இல்லாமல் செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு. இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகர மருத்துவர்கள் வகுத்தது. நோயாளியைப் படுக்கவைத்துக் கண்ணை மூடச் சொல்லுங்கள். தொடும்போது வலது, இடது என்று சொன்னால் போதும் என்று விளக்குங்கள். உங்கள் ஆள்காட்டி விரல் நுனியால் அவருடைய கால்விரல் நுனியை ஓரிரு விநாடி, இறகு படுவது போலத் தொடுங்கள். அழுத்தக் கூடாது, தேய்க்கக் கூடாது, தட்டக் கூடாது. வலது பெருவிரல், வலது சுண்டுவிரல், இடது பெருவிரல், இடது சுண்டுவிரல், பிறகு வலது நடுவிரல், கடைசியாக இடது நடுவிரல். ஒரு விரலை ஒருமுறைதான் தொட வேண்டும். பதில் வரவில்லை என்று மறுபடி தொட்டுப் பார்க்கக் கூடாது. ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால் காயத்திலிருந்து பாதத்தைக் காக்கும் உணர்ச்சி குறைந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டுங்கள். ஆறும் தெரிந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவரிடம் பாதச் சோதனை செய்துகொள்வது தேவைதான்.

இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் என்று தெரிந்த அன்றே பாதத்தையும் சோதிக்க வேண்டும். அந்த நோய் வெளியே தெரியும் முன்பே உடலுக்குள் சில ஆண்டுகள் ஒளிந்திருக்கும் என்பதால் அப்போதே நரம்பு கெட்டிருக்கலாம். இன்னொன்று: மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுங்காலம் சாப்பிடுவோரில் சிலருக்கு வைட்டமின் பி12 குறைகிறது. அந்தக் குறையாலும் கால் மரக்கும். அது ரத்தச் சோதனையில் தெரிந்துவிடும், சரிசெய்யவும் முடியும். மருத்துவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

படி 2: நாள்தோறும் ஐந்து நிமிடம்

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

நேரத்தை ஒரு பழக்கத்தோடு கட்டிப்போடுங்கள். எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, மாத்திரை கொடுக்கும் நேரம். காலையைவிட இரவு நல்லது. அன்று பகலில் பட்ட காயம் அன்றே கண்ணில் படும். டியூப்லைட் வெளிச்சம் போதாது. செல்போனின் டார்ச்சைப் போட்டுக்கொள்ளுங்கள். நோயாளியை நாற்காலியில் உட்காரவைத்து, அவருடைய பாதத்தை உங்கள் மடியில் வையுங்கள். பெரியவர்கள் தயங்குவார்கள். பெற்ற பிள்ளையின் மடியில் காலை வைப்பதா என்று அப்பா முதல் மாதம் முழுவதும் கூசினார். மருமகள் பார்ப்பதானால் கூச்சம் இன்னும் மிகும். மாத்திரை போடுவது போல இதுவும் வைத்தியம்தான் என்று சொல்லிச் சொல்லித்தான் பழக்க வேண்டும்.

முதலில் பாதத்தின் மேற்புறம், பிறகு உள்ளங்கால், பிறகு குதிகாலின் விளிம்பு. கடைசியாக விரல்களை ஒவ்வொன்றாக விரித்து இடுக்குகளைப் பாருங்கள். நான்காம் விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவிலுள்ள இடுக்கை அவசரத்தில் எல்லோரும் விட்டுவிடுவார்கள். சேற்றுப்புண் ஒளிந்திருப்பது பெரும்பாலும் அங்கேதான். வெள்ளையாக ஊறி, தோல் உரிந்து, நமைச்சலோ வாடையோ இருக்கும். அது பூஞ்சைத் தொற்று. அந்தப் பிளவு வழியாகத்தான் பெரிய கிருமிகள் உள்ளே நுழைகின்றன.

தேட வேண்டியவை இவை: கொப்புளம், கீறல், வெடிப்பு, நிறமாற்றம், வீக்கம், நகத்தின் ஓரத்தில் சிவப்பு, சீழ். காய்ப்புக்குள் கருத்த புள்ளியோ ரத்தக் கறையோ தெரிந்தால் அதன் அடியில் புண் உருவாகிவிட்டது என்று பொருள். மேலே தோல் மூடியிருப்பதால் ஏமாந்துவிடாதீர்கள்.

பெண்கள் மெட்டியைக் கழற்றிவிட்டுப் பார்க்க வேண்டும். கால் வீங்கும்போது மெட்டி விரலை இறுக்கும். அதன் அடியில் ஈரம் தங்கிப் புண்ணாகும். உணர்ச்சி இல்லையென்றால் அது யாருக்கும் தெரியாது. கழற்றவே வராத அளவுக்கு இறுகிய மெட்டியை உடனே வெட்டி எடுத்துவிடுங்கள். இதைச் சொன்னால் வீட்டில் மனத்தாங்கல் வரும் என்று எனக்குத் தெரியும். விரலைவிட மெட்டி பெரிதில்லை என்று தயங்காமல் சொல்லுங்கள்.

பிறகு கண்ணை விட்டுக் கைக்கு வாருங்கள். உங்கள் புறங்கையை இரு பாதங்களின் மேலும் ஒரே இடத்தில் மாற்றி மாற்றி வையுங்கள். ஒரு பாதத்தில் ஓர் இடம் மட்டும் சூடாக இருந்தால் உள்ளே ஏதோ நடக்கிறது. ஒரு பாதம் மற்றதைவிடச் சில்லென்றிருந்தால் ரத்த ஓட்டம் குறைந்திருக்கலாம்.

தனியாக இருப்பவர்கள், குனிய முடியாதவர்கள், முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து அதன் மேலாகக் காலைத் தூக்கிப் பார்க்கலாம். இல்லையென்றால் செல்போனில் உள்ளங்காலைப் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கலாம். வாரம் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போன வாரம் இந்தப் புள்ளி இருந்ததா என்ற சந்தேகத்தை அது தீர்க்கும். மருத்துவரிடம் காட்டவும் உதவும்.

படி 3: கழுவுதல், துடைத்தல், எண்ணெய், நகம்

சாதாரணத் தண்ணீரும் சோப்பும் போதும். கால் வலிக்கிறது, குளிர்கிறது என்று வெந்நீரில் உப்புப் போட்டு வாளியில் காலை ஊறவைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. மரத்த பாதத்துக்கு அது ஆபத்து. தண்ணீர் கொதித்தாலும் கால் சொல்லாது. ஊறிய தோல் எளிதில் பிளக்கும். வெந்நீர் வேண்டுமென்றால் உடல் சூட்டைத் தாண்டாமல், வேறொருவர் முழங்கையால் தொட்டுப் பார்த்த பிறகே ஊற்றுங்கள். வெந்நீர்ப் பை, செங்கல் ஒத்தடம், மின்சார ஒத்தடப் பை எதுவும் பாதத்துக்கு வேண்டாம்.

கழுவிய பிறகு விரல் இடுக்குகளை ஒற்றி ஒற்றித் துடையுங்கள். பழைய வெள்ளை வேட்டித் துணி இதற்கு மிகவும் நல்லது. கறை பட்டால் உடனே தெரியும். பிறகு தேங்காய் எண்ணெயோ, யூரியா கலந்த களிம்போ பாதத்தின் மேலும் கீழும் தடவலாம். விரல் இடுக்கில் மட்டும் தடவக் கூடாது. அங்கே ஈரம் கூடினால் சேற்றுப்புண் வரும். எண்ணெய் தடவிய காலோடு மொசைக் தரையில் நடந்து வழுக்கி விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். படுக்கையில் ஏறிய பிறகு தடவுங்கள்.

பித்தவெடிப்பைப் பலர் அழகுக் குறை என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். ஆழமான வெடிப்பு திறந்த புண்ணுக்குச் சமம். தினமும் களிம்பு தடவினால் இரண்டு மூன்று வாரத்தில் வித்தியாசம் தெரியும். பிளேடால் சீவுவது, கருங்கல்லில் தேய்ப்பது இரண்டும் கூடாது.

நகத்தைக் குளித்த பிறகு, மென்மையாக இருக்கும்போது, நேர்கோட்டில் வெட்டுங்கள். ஓரங்களைத் தோண்டி வளைத்து வெட்டினால் நகம் சதைக்குள் வளரும். நகம் தடித்துக் கொம்பு போல் ஆகியிருந்தால் வீட்டில் முயல வேண்டாம். பார்வை குறைந்தவர் தன் நகத்தைத் தானே வெட்டக் கூடாது.

படி 4: செருப்பு

அப்பாவின் விரல்களை வாங்கியது செருப்புதான் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே பட்டை வரும் ரப்பர் செருப்பு மரத்த பாதத்துக்கு ஆகாது. அந்தப் பட்டை இடுக்கில் உரசிப் புண்ணாக்கும். செருப்பு நழுவாமல் இருக்க விரல்கள் எந்நேரமும் இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்கும். அடிப்பகுதி மெல்லியது என்பதால் முள்ளும் ஆணியும் எளிதாக ஏறும். நல்ல செருப்புக்குக் கால் படும் இடத்தில் மென்மையான எம்.சி.ஆர். தட்டு, தரையில் படும் இடத்தில் முள் துளைக்காத கெட்டியான அடிப்பகுதி, இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒட்டுப்பட்டைகள், குதிகாலுக்குப் பின்னால் ஒரு பட்டை இருக்க வேண்டும். எம்.சி.ஆர். என்பது மைக்ரோ செல்லுலார் ரப்பர்: உள்ளே நுண்ணிய காற்றறைகள் நிறைந்தது. எடையைப் பரப்பி வாங்கிக்கொள்ளும். கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கி உடனே மேலே வர வேண்டும். அழுத்திய குழி அப்படியே நின்றால் அதன் ஆயுள் முடிந்தது. மேலே பளபளப்பாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

மாலையில் வாங்கப் போங்கள். பகலெல்லாம் நடந்து கால் சற்று வீங்கியிருக்கும் அளவுதான் உண்மையான அளவு. வீட்டிலேயே ஒரு தாளின் மேல் நிற்கவைத்து இரு பாதங்களையும் பென்சிலால் வரைந்து வெட்டி எடுத்துப் போங்கள். அந்தத் தாள் செருப்பின் எந்த ஓரத்திலாவது வெளியே நீட்டினால் அந்தச் செருப்பு வேண்டாம். ஷூவானால் மிக நீண்ட விரலுக்கு முன்னால் உள்ளே ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் இடம் இருக்க வேண்டும். "போட்டுப் போட்டுப் பார்த்தால் இளகிவிடும்" என்று கடைக்காரர் சொல்வார். இளகுவதற்குள் கால் புண்ணாகிவிடும். இறுக்கம் இதமாகத் தெரிகிறது என்று நோயாளி சொல்வதையும் நம்ப முடியாது. மரத்த காலுக்கு இறுக்கமான செருப்புதான் செருப்பு போட்டது போலவே தெரியும். அதனால்தான் பலர் ஓர் அளவு சிறியதாகவே வாங்குகிறார்கள்.

புதுச் செருப்பை முதல் நாள் அரை மணி நேரம் போட்டுக் கழற்றி, சிவந்த இடம் இருக்கிறதா என்று பாருங்கள். சிவப்பு தெரிந்தால் பட்டையைத் தளர்த்துங்கள், தேவையானால் மாற்றுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு மெல்ல மெல்ல நேரத்தைக் கூட்டுங்கள். பழுதுபார்க்கக் கொடுத்தால் ஆணி அடிக்க வேண்டாம், தைத்துக் கொடுங்கள் என்று சொல்லுங்கள். எப்போது போட்டாலும் முதலில் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கையை விட்டுத் தடவி, அடிப்பகுதியைத் திருப்பிப் பார்த்த பிறகே காலை நுழைக்க வேண்டும். எங்கள் வீட்டில் இப்போது அப்பா வெளியே கிளம்பினால் பேரன் முதலில் செருப்பைத் திருப்பிப் பார்க்கிறான்.

சாக்ஸ் அணிந்தால் பருத்தியில், வெளிர்நிறத்தில், மேல்விளிம்பு இறுக்காததாக. உள்தையல் உறுத்தினால் புறம் மாற்றிப் போடலாம். தினமும் துவைத்தது வேண்டும்.

படி 5: வெறுங்கால்

வீட்டுக்குள் செருப்பு போடுவது நம் பழக்கத்தில் இல்லை. ஆனால் நாற்காலிக் காலில் இடித்துக்கொள்வதும், உடைந்த வளையல் துண்டும், சிந்திய கொதிநீரும் வீட்டுக்குள்தான். வெளியே ஒருபோதும் போடாத, கழுவக்கூடிய ஒரு ஜோடியை வீட்டுக்கென்று தனியாக வையுங்கள். பூசையறைக்குள் போக மனம் ஒப்பவில்லையென்றால் அங்கே மட்டும் தடித்த சாக்ஸ். இரவில் கழிப்பறைக்கு எழும்போது காலுக்கு எட்டும் இடத்தில் அந்தச் செருப்பு இருக்க வேண்டும்.

கோவிலைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பங்குனி, சித்திரை நடுப்பகலில் கருங்கல் பிரகாரத்தை ஒருமுறை சுற்றினால் மரத்த பாதத்தில் உள்ளங்கால் முழுவதும் கொப்புளம் எழும்பும். வீட்டுக்கு வந்து பார்க்கும்போதுதான் தெரியும். கோவிலுக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விடியற்காலையிலோ கல் ஆறிய இரவிலோ போங்கள். தடித்த சாக்ஸ் போட அனுமதி கேளுங்கள். ஆனால் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலில் பழனிக்குப் பாதயாத்திரை போவதும், 14 கிலோமீட்டர் கிரிவலம் சுற்றுவதும், தீ மிதிப்பதும் கூடாது என்பதை வளைக்காமல் சொல்கிறேன். வேண்டுதல் இருந்தால் வேறு விதமாக நிறைவேற்றுங்கள். கடற்கரை மணல், மொட்டைமாடித் தரை, பைக்கின் சைலன்சர், பஸ் எஞ்சின் மூடியின் சூடு ஆகியவற்றுக்கும் இதே எச்சரிக்கை.

பலருக்குத் தோன்றாத ஒன்று உண்டு. தரையில் சம்மணமிட்டு நெடுநேரம் உட்கார்ந்தால் வெளிப்புறக் கணுக்கால் மொட்டு தரையில் அழுந்தும். உணர்ச்சி இருப்பவர் தன்னையறியாமல் காலை மாற்றிப் போடுவார். உணர்ச்சி இல்லாதவர் மணிக்கணக்கில் அப்படியே இருப்பார். அங்கே தோல் கருத்துத் தடித்திருந்தால் உடனே நாற்காலிக்கு மாறுங்கள்; தினசரிச் சோதனையில் அந்த இடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தரையில் படுப்பவர்கள் கொசுவலையை மெத்தையின் அடியில் நன்றாகச் செருகிக்கொள்ள வேண்டும். எலிக்கடியால் வரும் புண் இன்றும் நடக்கிற ஒன்றுதான்.

படி 6: ஆணிக்காலையும் காய்ப்பையும் வீட்டில் வெட்டாதீர்கள்

காய்ப்பு என்பது அந்த இடத்தில் எடை அளவுக்கு மீறி விழுகிறது என்பதன் அடையாளம். அது தடிக்கத் தடிக்க, செருப்புக்குள் கல் கிடப்பது போல உள்ளே அழுத்தி, அடியிலுள்ள சதையைச் சிதைக்கும். எடுக்கத்தான் வேண்டும், ஆனால் பாதச் சிகிச்சையில் பயிற்சி பெற்றவர் எடுக்க வேண்டும். கடையில் விற்கும் ஆணிக்கால் பிளாஸ்திரியில் தோலைக் கரைக்கும் அமிலம் இருக்கிறது. அதற்கு ஆணி எது, நல்ல தோல் எது என்ற வேறுபாடு தெரியாது. மரத்த காலில் அதை ஒட்டினால் எரிவதும் தெரியாமல் குழிப்புண் உண்டாகும். காய்ப்பை எடுத்த பிறகும் செருப்பை மாற்றவில்லையென்றால் அதே இடத்தில் திரும்ப வரும்.

படி 7: புண் வந்துவிட்டால் முதல் 24 மணி நேரம்

இங்கேதான் நாங்கள் தவறினோம்.

ஓடும் சுத்தமான நீரில் காயத்தைக் கழுவுங்கள். சுத்தமான கட்டுத்துணியால் ஒற்றி, உலர்ந்த காஸ் துணி வைத்துத் தளர்வாகக் கட்டுங்கள். மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு, பற்பசை, மண்ணெண்ணெய், பச்சிலை எதுவும் வேண்டாம். அவை கிருமியைக் கொண்டுவரும்; புண்ணின் நிறத்தை மறைத்து மருத்துவரையும் குழப்பும். நீர் கலக்காத கிருமிநாசினியை ஊற்றினால் புதிதாக வளரும் சதை கருகும். கொப்புளத்தைக் குத்தி உடைக்காதீர்கள். ஆணியோ முள்ளோ உள்ளே ஆழமாக நின்றிருந்தால் பிடுங்காமல் அப்படியே அழைத்துப் போங்கள்.

அந்தக் காலால் நடக்கக் கூடாது. இது சொல்வதற்கு எளிது, செய்வதற்கு மிகக் கடினம். வலி இருப்பவர் நொண்டுவார். அந்த நொண்டல்தான் புண்ணுக்கு ஓய்வு கொடுக்கிறது. வலியில்லாதவர் ஆறிக்கொண்டிருக்கும் புண்ணின் மேலேயே நாள் முழுவதும் நடந்து அதை நசுக்குவார். மருந்தும் கட்டும் எவ்வளவு நன்றாக இருந்தாலும் எடை இறங்கிக்கொண்டே இருந்தால் ஆறாது. மருத்துவர் மாவுக்கட்டு போடச் சொன்னால், எலும்பு முறியவில்லையே என்று மறுக்காதீர்கள். எடையைப் பாதம் முழுவதும் பரப்பிப் புண்ணைக் காப்பதற்காகப் போடுவது அது.

தோல் கிழிந்த எந்தப் புண்ணையும் அன்றோ மறுநாளோ மருத்துவரிடம் காட்டுங்கள். தடுப்பூசி எப்போது போட்டது என்று சொல்லுங்கள். டெட்டனஸ் ஊசி தேவைப்படலாம். கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் விடியும் வரை காத்திருக்க வேண்டாம், இரவானாலும் கிளம்புங்கள்:

- காய்ச்சல், குளிர் நடுக்கம், அல்லது காரணம் தெரியாமல் திடீரென்று ஏறிய சர்க்கரை
- புண்ணைச் சுற்றிப் பரவும் சிவப்பு, மேலே ஏறும் சிவந்த கோடு, சீழ், துர்நாற்றம்
- விரலோ தோலோ நீலமாகவோ கறுப்பாகவோ மாறுதல்
- மரத்துப் போயிருந்த காலில் புதிதாக வலி
- புண்ணே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் சிவந்து, சூடாகி, வீங்குதல்

கடைசியில் சொன்னதைத் தனியாக விளக்க வேண்டும். அது சார்கோ பாதம் என்ற நிலையாக இருக்கலாம். உள்ளே எலும்புகளும் மூட்டுகளும் நொறுங்கிக்கொண்டிருக்கும். வலி பெரிதாக இருக்காது. சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்து நீவிவிட்டு நடக்கவைத்தால் சில வாரங்களில் பாதத்தின் வளைவே சரிந்து தலைகீழாகிவிடும். சந்தேகம் வந்த நிமிடத்திலிருந்து அந்தக் காலைத் தரையில் ஊன்றாமல் அழைத்துப் போங்கள்.

படி 8: மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

மாதாமாதம் சர்க்கரை மருந்து வாங்கப் போகும் பலரின் பாதத்தை யாரும் பார்ப்பதில்லை. காரணம், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து சீட்டை மட்டும் நீட்டுகிறார்கள். நீங்களே பாதத்தைக் காட்டி, "ஐயா, காலையும் ஒருமுறை பாருங்கள்" என்று கேளுங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் பணியாளரிடமும் காட்டலாம்.

பத்து கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டும், அதிர்வுக் கவையைப் பெருவிரலில் வைத்தும் உணர்ச்சியைச் சோதிப்பார்கள். பாதத்தின் மேலும், உள் கணுக்காலுக்குப் பின்னாலும் நாடி பார்ப்பார்கள். நாடி சரியாகத் தெரியாவிட்டால், ஒலியலை கொண்டு ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் சோதனை சொல்வார்கள். நடந்தால் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்து, நின்றால் விடுகிறது என்றால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். ரத்தக்குழாய் அடைப்பின் அறிகுறியாக இருக்கலாம். அடைப்பு இருந்தால் அதைத் திறக்காமல் புண்ணுக்கு மட்டும் கட்டுப் போட்டுக்கொண்டிருப்பதில் பயனில்லை. விரலையோ காலையோ எடுக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், ரத்த ஓட்டத்தைப் பார்த்தாகிவிட்டதா, குழாயைத் திறக்க வழியுண்டா என்று கேளுங்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லையென்றால் ரத்தக்குழாய் நிபுணரின் கருத்தையும் பெறுங்கள்.

உணர்ச்சியும் ரத்த ஓட்டமும் நன்றாக இருப்பவருக்கு ஆண்டுக்கு ஒருமுறை சோதனை போதும். இரண்டில் ஒன்று குறைந்தால் ஆறு மாதம் முதல் ஓர் ஆண்டுக்குள். இரண்டும் குறைந்தால், அல்லது குறையோடு பாதத்தின் வடிவமும் மாறியிருந்தால் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள். உணர்ச்சியோ ரத்த ஓட்டமோ குறைந்து, முன்பு புண் வந்தவராகவோ விரல் எடுத்தவராகவோ இருந்தால் ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள்.

புண் ஆறிய பிறகு

ஆறிய அன்று வீட்டில் எல்லோரும் மூச்சு விடுவார்கள். நாங்களும் விட்டோம், எட்டு மாதத்தில் அதே பாதத்தில் இன்னொரு இடத்தில் கொப்புளம். ஆறிய புண்களில் சுமார் 40 விழுக்காடு ஓர் ஆண்டுக்குள் திரும்ப வருகின்றன. மூடியது தோல் மட்டும்தான். நரம்பும், மடங்கிய விரலும், எடை விழும் புள்ளியும் பழையபடியே இருக்கின்றன. விரல் எடுத்த பாதத்தில் எடை வேறு இடத்துக்கு நகர்ந்திருக்கும். அதனால் பழைய செருப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, இப்போதைய பாதத்தை அளந்து செய்த செருப்பைப் போடுங்கள். இழந்த விரலின் இடத்தை நிரப்பும் திண்டு தேவையா என்று கேளுங்கள். மற்றக் காலை இன்னும் கவனமாகப் பாருங்கள். இத்தனை நாள் அதுதான் இரட்டைச் சுமை தாங்கியது.

அந்த எட்டாம் மாதக் கொப்புளத்தை அம்மாதான் பார்த்தார், இரவு மாத்திரை நேரத்தில், டார்ச் வெளிச்சத்தில். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மருத்துவரிடம் இருந்தோம். பதினெட்டு நாளில் ஆறியது.